கதவைத் திறந்த காற்று

எங்கள் கொல்லிமலையில் பாவைக் கதை கேட்காமல் வளரும் பிள்ளை இல்லை. தெய்வம் செய்த கொல்லிப்பாவை, காற்றுக்கும் மழைக்கும் இடிக்கும் உருக்குலையாதது என்று சங்கப் புலவர்கள் பாடினர். சிரித்தே ஆளைக் கொல்லும் பொறிப்பாவை என்றனர் பின்வந்தோர். எட்டுக்கை அம்மனே அந்தப் பாவை என்பது எங்கள் ஊரார் நம்பிக்கை. பொறி எப்படிச் சிரிக்கும் என்று சிறுவயதில் நான் கேட்டதற்கு, அப்படியெல்லாம் கேட்கக் கூடாது என்பதே பாட்டியின் பதில்.

அந்தக் கேள்வியோடு கல்லூரிக்கு வந்த நான், நம் நூலகத்தில் ஒருவரைக் கண்டுகொண்டேன். அலெக்சாந்திரியா நகரத்து ஹெரான்! நண்பர்களே, முக்கோணத்தின் பரப்பளவு காண ஒன்பதாம் வகுப்பில் மனப்பாடம் செய்தோமே, அந்தச் சூத்திரத்துக்கு உரியவர்தாம் அவர்.

அவர் தம் நூலில் குறித்த சந்திர கிரகணம் கி.பி. 62-இல் நிகழ்ந்தது எனக் கணித்து, அவரை முதல் நூற்றாண்டினர் என்பர் அறிஞர். சேரநாட்டு முசிறியில் கப்பலேறிய மிளகு செங்கடல் வழியாக அவருடைய நகருக்குப் போய்ச் சேர்ந்த காலம் அது. எங்கள் தோட்டத்து மிளகுக் கொடியைக் காணும்போதெல்லாம் இப்போது அவர் நினைவு வருகிறது.

அவருக்கு ஏறத்தாழ 300 ஆண்டுகள் முன்பு அதே நகரில் வாழ்ந்த டெசிபியஸ், முடிதிருத்தும் தொழிலாளியின் மகன். அடைபட்ட காற்றை வேலை வாங்கலாம் என்று காட்டிய முன்னோடி. அவ்வழி வந்த ஹெரான், பீடத்தில் தீ மூட்டியதும் தானே கதவு திறக்கும் கோயில் ஒன்றை வகுத்தார். பார்ப்பவர் தெய்வச் செயல் என்றே கைகூப்புவர். நடப்பது என்ன? பீடத்துக்குள் அடைபட்ட காற்று சூடேறி விரிகிறது. அது கீழே உள்ள கலத்து நீரை அழுத்த, நீர் குழாய் வழியே தொங்கும் வாளியில் நிறைகிறது. கனத்த வாளி இறங்குகையில், கதவின் அச்சில் சுற்றிய கயிற்றை இழுக்கிறது. கதவு திறக்கிறது! தீ அணைந்ததும் காற்று சுருங்கி, நீர் திரும்பிவிட, எதிர் எடை கதவை மூடுகிறது. காசு போட்டால் தீர்த்தம் தரும் கலமும், நீராவியால் சுழலும் உருண்டையும்கூட அவர் நூல்களில் உண்டு.

விடுமுறையில் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வீடு சேர்ந்ததும், அப்பாவுக்குப் படம் வரைந்து இதை விளக்கினேன். கைநாட்டு வைப்பவர் அவர். அம்மனைக் கேலி செய்கிறேனோ என்று முதலில் அவர் முகம் வாடியது. பிறகு ஒன்றே ஒன்று கேட்டார். அந்த மனிதர் இரகசியத்தைத் தமக்குள்ளேயே வைத்துக்கொண்டாரா, பிறருக்கும் சொன்னாரா என்று.

எழுதி வைத்தார் என்றேன். அவருடைய பெருமையே அதுதான் என்று அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. இயந்திரவியல் பற்றிய அவர் நூல் அரபு மொழிபெயர்ப்பால் பிழைத்தது. நம் சூத்திரம் அடங்கிய மெட்ரிகாவின் பிரதி 1896-இல் கான்ஸ்டாண்டிநோபிளில் கிடைத்தது. மூடிய கதவின் சூட்சுமத்தை அறிந்தவர் அதை ஊருக்கே திறந்து வைத்தார்.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அம்மனைக் கும்பிடும் பாட்டியோடு எனக்கு வழக்கில்லை. நானும் உடன் நின்று கும்பிடுகிறேன். ஆனால் நாளை ஒரு மலைச்சிறுவன் என்னிடம் வந்து பொறி எப்படிச் சிரிக்கும் என்று கேட்டால், கேட்கக் கூடாது என்று சொல்லமாட்டேன். அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படம் வரைந்து காட்டுவேன்.