பெயர்களுக்குத் தமிழ்ச்செவி தேடிய பெப்ரிசியஸ்

வேற்றுமொழி நூலைத் தமிழாக்குவோர்க்குப் பெருந்தடையாய் நிற்பன பெயர்ச்சொற்களே. விவிலியத்தில் ஊர், ஆறு, குலம், மணி, மரம், விலங்கு, நிறை, அளவை என எண்ணிறந்த பெயர்கள் உள்ளன. எபிரேயம் முற்றக் கற்றோர்க்கும் பொருள் தெளியாதவை அவற்றுட் பல. இப்பெயர்க்காட்டினுள் புகுந்து, சென்னை வேப்பேரியில் தம் வாழ்நாளைச் செலவிட்டவர் யோவான் பிலிப்பு பெப்ரிசியஸ்.

அவர் 1711இல் ஜெர்மனியில் பிறந்தார். முதலில் சட்டம் பயின்று, பின்னர் ஆலே நகரில் இறையியல் கற்றார். 1740இல் தரங்கம்பாடி வந்து தமிழ் பயின்று, 1742 இறுதியில் சென்னைப் பணியை ஏற்றார். இல்லறம் மேற்கொள்ளவில்லை, தாய்நாடு திரும்பவும் இல்லை.

அமைதியான புலமை வாழ்வு அவர்க்கு வாய்க்கவில்லை. 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியபோது, காத்திவாக்கத்திற்கும் எண்ணூர்க் கழிமுகத்திற்கும் வடக்கே ஒல்லாந்தர் வசமிருந்த பழவேற்காட்டில் அடைக்கலம் புகுந்தார். 1749இல் நகரம் மீண்டும் ஆங்கிலேயர் கைக்கு வந்தபின் வேப்பேரி அவர்தம் பணிக்களமாயிற்று. 1758இல் லாலி சென்னையை முற்றுகையிடவே, வேப்பேரி கொள்ளைக்குள்ளாயிற்று. அவர் மறுபடியும் பழவேற்காடு நோக்கிச் சென்றார். இத்தகைய அலைச்சல்களுக்கிடையே வளர்ந்ததே அவரது மொழிபெயர்ப்பு.

அயற்பெயர்களைத் தமிழில் வழங்க அந்நாளில் இருவழிகள் இருந்தன. கத்தோலிக்கர் பலகாலும் பொருள்வழி நின்றனர். சிறியவர் என்னும் பொருளுடைய பவுல் என்ற பெயரைச் சின்னப்பர் என்றும், இறையருளைக் குறிக்கும் யோவான் என்ற பெயரை அருளப்பர் என்றும் ஆக்கினர். பேதுரு இராயப்பர் ஆனார். அவர் பெயராலேயே இராயபுரம் வழங்கலாயிற்று என்பர். சீர்திருத்தச் சபையார் ஒலிவழியைக் கொண்டு பேதுரு, பவுல், யோவான் என்றே எழுதினர். முன்னதில் பெயர் தமிழாகிறது; மூலவொலி மறைகிறது. பின்னதில் ஒலி நிற்கிறது, பொருள் உறங்குகிறது.

பெப்ரிசியஸ் ஒலிவழி மரபைச் சார்ந்தவர். எனினும் எழுதியதை உரக்கப் படித்துக் காட்டி, கற்றோரும் கல்லாரும் அதனை எவ்வாறு கொள்கின்றனர் என்று பார்த்துத் திருத்துவது அவர் முறை. இறைவனைக் குறிக்கும் சொல்லில் அவருடைய தேர்வு புலப்படும். சீகன்பால்கு ஆண்ட சர்வேசுரன் என்ற சொல்லை விடுத்து, அவர் பராபரன் என்ற சொல்லைக் கொண்டார். தாயுமானவர் பராபரக்கண்ணி பாடிய நூற்றாண்டு அது; அச்சொல் தமிழர் செவிக்குப் புதிதன்று.

சில பெயர்கள் எவ்வழியாலும் வசப்படுவதில்லை. யோபுவின் நூலில் வரும் பிகெமோத், லிவியாதான் ஆகிய விலங்குப் பெயர்கள் தமிழ் விவிலியத்தில் இன்றும் ஒலியாகவே நிற்கின்றன. வேறு சில அயற்பெயர்களோ தமிழோடு உறவு கொண்டாடுபவை. சாலொமோனின் கப்பல்கள் கொணர்ந்த மயிலுக்கு எபிரேயம் வழங்கும் துக்கி என்ற சொல் தமிழ்த் தோகையே என்பது அறிஞர் பலர் கருத்து. கால்டுவெல் 1856இல் தம் ஒப்பிலக்கண நூலில் இவ்வுறவை எடுத்துரைத்தார். அவருக்கு நெடுநாள் முன்பே, இவ்விரு மொழிகளையும் அருகருகே வைத்து எடைபோட்ட மேசை வேப்பேரியில் இருந்தது.

1761இல் புதுச்சேரி வீழ்ந்தபோது கைப்பற்றப்பட்ட அச்சுப்பொறி வேப்பேரிக்கு வந்தது. அதில் அவருடைய புதிய ஏற்பாடு 1772இல் அச்சாயிற்று. உடனுழைத்த பிரைத்தவுப்ட்டுடன் இணைந்து தொகுத்த தமிழ்–ஆங்கில அகராதி 1779இல் வெளிவந்தது. ஏறத்தாழ 9,000 சொற்கள் அதில் இடம்பெற்றன. வீரமாமுனிவரின் சதுரகராதி 1732இல் தமிழ்ப் புலவர்க்கென ஆக்கப்பட்டது; இவ்வகராதி தமிழ் கற்க வந்த அயலார்க்கு வாயிலாயிற்று.

சொல்லை நிறுத்தறிந்த அவர்க்கு மனிதரை நிறுத்தறியும் திறன் வாய்க்கவில்லை. தம்மை நம்பிப் பிறர் ஒப்படைத்த பணத்தை வட்டிக்குக் கொடுத்தார், கொடுத்தது திரும்பவில்லை. நம்பியோர் இழந்தனர், அவர் கடனாளியாய்ச் சிறைபுகுந்தார். முதுமையில் நேர்ந்த இவ்வீழ்ச்சியை அவர் புலமைக்காக மறைத்தல் நேர்மையாகாது; இதனால் அவர் புலமையைக் குறைத்து மதிப்பதும் முறையன்று. 1788இல் பொறுப்பு கெரிக்கே கைக்கு மாறிற்று. 1791 சனவரி 23இல் பெப்ரிசியஸ் மறைந்தார். தரங்கம்பாடியில் அச்சாகிவந்த அவரது பழைய ஏற்பாடு 1796இல் நிறைவுற்றது. முழுநூலை அவர் கண்ணால் காணவில்லை.

பின்வந்தோர் அந்நடையைத் திருத்த முற்பட்டபோது, தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் பழைய பாடத்திற்காக வாதிட்டார். கவிஞரான அவர் செவிக்கு அதன் ஓசை பழகியிருந்தது. எனினும் 1871இல் வெளிவந்த பொதுத்திருப்புதலில் பராபரன் நீங்கித் தேவன் இடம்பெற்றது. பெப்ரிசியஸ் தமிழாக்கிய ஞானப்பாட்டுகள் லுத்தரன் சபைகளில் நிலைபெற்றன. அவர் அகராதி 1897இல் விரிவாக்கப்பட்டு, 1972இல் தரங்கம்பாடியில் நான்காம் பதிப்புக் கண்டது. கடனும் சிறையும் கண்ட அக்கிழவரின் சொல்வைப்பை இன்றும் தமிழாய்வோர் புரட்டிப் பார்க்கின்றனர்.