தியோபால்ட் ஸ்மித்

தியோபால்ட் ஸ்மித் (ஜூலை 31, 1859 – டிசம்பர் 10, 1934) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த மருத்துவரும் நுண்ணுயிரியலாளரும் ஆவார். ஒற்றைக்கல ஒட்டுண்ணியால் உண்டாகும் நோயை உண்ணி பரப்புகிறது என்பதைக் கால்நடை மருத்துவர் பிரெட் கில்போர்னுடன் இணைந்து நிறுவியமைக்காக அறியப்படுகிறார்.

இளமையும் கல்வியும்

ஸ்மித் நியூயோர்க் மாநிலத்தின் ஆல்பனி நகரில், செருமனியிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தார். 1881இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். 1883இல் ஆல்பனி மருத்துவக் கல்லூரியில் மருத்துவப் பட்டம் பெற்றார். மருத்துவத் தொழிலில் ஈடுபடாமல், வாசிங்டனில் விலங்கு நோய்களை ஆராயும் அரசுப் பணியில் சேர்ந்தார். அங்கு 1884இல் தொடங்கப்பட்ட கால்நடைத் தொழில் பணியகத்தின் தலைவராகக் கால்நடை மருத்துவர் டானியல் சால்மன் இருந்தார்.

சால்மொனெல்லா

பன்றிக் காய்ச்சலை ஆராய்ந்தபோது 1885இல் ஸ்மித் ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். இவ்வகைப் பாக்டீரியாக்களின் பேரினத்திற்குப் பின்னர் சால்மனின் பெயரால் சால்மொனெல்லா எனப் பெயரிடப்பட்டது. எனினும், பன்றிக் காய்ச்சலை உண்டாக்குவது தீநுண்மம் என்பது பிற்காலத்தில் தெரியவந்தது. 1886இல் சால்மனும் ஸ்மித்தும் கொல்லப்பட்ட பாக்டீரியாக்களைப் புறாக்களுக்குச் செலுத்தி நோயெதிர்ப்பு உண்டாவதைக் காட்டினர்.

டெக்சாஸ் காய்ச்சல்

தெற்கு மாநிலங்களின் மாடுகள் நலமாகவே காணப்பட்டன. ஆனால் அவை மேய்ந்த நிலங்களில் மேய்ந்த வடக்கு மாடுகள் காய்ச்சல் கண்டு, சிவந்த சிறுநீர் கழித்து இறந்தன. இதற்கு உண்ணிகளே காரணம் என மாடு வளர்ப்போர் பலர் கருதினர். அறிஞர்கள் பெரும்பாலும் இதனைப் பொருட்படுத்தவில்லை. ஸ்மித்தும் கில்போர்னும் 1889 முதல் வேலியிட்ட நிலங்களில் இதனைச் சோதித்தனர்.

* உண்ணிகளுடன் கூடிய தெற்கு மாடுகளுடன் இருந்த வடக்கு மாடுகள் நோயுற்றன.
* உண்ணிகளைக் கையால் அகற்றிய பின் விடப்பட்ட தெற்கு மாடுகளால் நோய் பரவவில்லை.
* தெற்கு மாடுகளே இல்லாத நிலத்தில் உண்ணிகளை மட்டும் பரப்பியபோதும் நோய் தோன்றியது.

நோயுற்ற மாடுகளின் இரத்தச் சிவப்பணுக்களில் ஸ்மித் ஓர் ஒட்டுண்ணியைக் கண்டார். இது இன்று பபீசியா பைசெமினா எனப்படுகிறது. தாய் உண்ணியிடமிருந்து முட்டை வழியாகக் குஞ்சுகளுக்கும் நோய்க்கிருமி செல்வதை இவ்வாய்வு வெளிப்படுத்தியது. முடிவுகள் 1893இல் வெளியாயின. உண்ணியின் வாழ்க்கைச் சுழற்சியை ஆராய்ந்த கூப்பர் கர்டிசும் ஒரு கால்நடை மருத்துவரே.

பின்னர் 1897இல் ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கொசுவின் உடலில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். 1900இல் வால்டர் ரீட் குழுவினர் மஞ்சள் காய்ச்சலைக் கொசு பரப்புவதை நிறுவினர். மனித நோய்கள் பற்றிய இக்கண்டுபிடிப்புகளுக்கு மாடுகளில் நடந்த ஆய்வு முன்னோடியாக அமைந்தது. ஐக்கிய அமெரிக்காவில் 1906இல் உண்ணி ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. 1943இல் மெக்சிகோ எல்லையோரப் பகுதி தவிர நாடு முழுவதும் இவ்வுண்ணி ஒழிக்கப்பட்டது.

காசநோய் ஆய்வு

1895இல் ஸ்மித் ஆர்வர்டு பல்கலைக்கழகத்திற்குச் சென்று, ஒப்பீட்டு நோயியல் பேராசிரியரானார். மனிதரின் காசநோய்க் கிருமியும் மாட்டின் காசநோய்க் கிருமியும் வேறுபட்டவை என 1898இல் காட்டினார். மாட்டுக் காசநோயால் மனிதருக்குப் பெரிய ஆபத்தில்லை என ராபர்ட் கோக் 1901இல் அறிவித்தார். ஆனால் பிரித்தானிய அரச ஆணைக்குழு, அது பால் வழியாகக் குறிப்பாகக் குழந்தைகளைத் தாக்குகிறது என முடிவு செய்தது. பாலைக் காய்ச்சிப் பருகுவதன் தேவை இதனால் வலுப்பெற்றது.

இறுதிக் காலம்

ராக்பெல்லர் நிறுவனம் பிரின்ஸ்டனில் அமைத்த விலங்கு நோயியல் துறைக்கு ஸ்மித் தலைமை தாங்கி, 1929இல் ஓய்வு பெற்றார். 1933இல் அரச கழகத்தின் கோப்ளி பதக்கம் பெற்றார். மறுஆண்டு நியூயோர்க் நகரில் காலமானார்.