கொசுவுக்குத் 'தண்ணி காட்டிய' கிள்ளான் டாக்டர்

என் பாட்டி வளர்ந்த தோட்டத்தில் வாரம் ஒரு நாள் முதுகில் எண்ணெய்த் தகரத்தைக் கட்டிக்கொண்டு ஒருவர் வருவாராம். லயத்துக்குப் பின்னால் ஓடும் ஓடையிலும் கால்வாயிலும் எண்ணெய் அடித்துவிட்டுப் போவார். அன்று யாரும் ஓடைப் பக்கம் துணி துவைக்கப் போக முடியாது. ஓடுகிற நல்ல தண்ணீரில் எதற்காக எண்ணெய் அடிக்கிறார்கள் என்று பாட்டி யாரையும் கேட்டதில்லை. கேட்டால் கங்காணி திட்டுவார், அவ்வளவுதான்.

அந்த எண்ணெய்க்குப் பின்னால் ஒரு டாக்டரின் கதை இருக்கிறது. அவர் பெயர் மல்கம் வாட்சன். மருத்துவ வரலாறு படித்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்த பெயர். அவர் யாருடைய உடம்பைத் தொட்டுப் பார்த்து அந்தப் பெயரைச் சம்பாதித்தாரோ, அந்தத் தோட்டத்துப் பிள்ளைகளின் பேரன் பேத்திகளான நமக்குத்தான் அது அவ்வளவாகத் தெரியாது.

வாட்சன் ஸ்காட்லாந்துக்காரர். 1873-இல் பிறந்தார். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்துவிட்டு 1900-இல் மலாயா அரசின் மருத்துவப் பணிக்கு வந்தார். 1901 தொடக்கத்தில் கிள்ளான் மாவட்டத்தின் டாக்டராக அனுப்பப்பட்டார். வயது 27.

அதற்கு மூன்று நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான், 1897 ஆகஸ்டில், செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் என்ற ராணுவ மருத்துவர் கொசுவின் வயிற்றுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்திருந்தார். அதுவரை குளிர்காய்ச்சல் சதுப்பு நிலத்தின் கெட்ட காற்றால் வருகிறது என்றே உலகம் நம்பியது. மலேரியா என்ற சொல்லுக்கே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்றுதான் பொருள். கொசுதான் காரணம் என்று தெரிந்துவிட்டது. ஆனால் ஒரு முழு ஊரிலிருந்து கொசுவை எப்படி விரட்டுவது? பலரும் அது நடக்காத காரியம் என்றே நினைத்தார்கள்.

கிள்ளான் அப்போது மூவாயிரத்துச் சொச்சம் பேர் வாழ்ந்த சின்ன ஊர். சுற்றிலும் சதுப்பும் காடும். 1901-இல் அங்கே காய்ச்சல் வெடித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் சில மைல் தள்ளி, அலையாத்திச் சேற்றில், புதிய துறைமுகமான போர்ட் சுவெட்டன்ஹாம் திறக்கப்பட்டது. இன்றைய போர்ட் கிள்ளான் அதுதான். திறந்த கொஞ்ச நாளிலேயே அங்கிருந்த ஊழியர்களும் தொழிலாளர்களும் வரிசையாகப் படுத்தார்கள். துறைமுகத்தையே மூடிவிடலாமா என்ற பேச்சு எழும் அளவுக்கு நிலைமை மோசமானது.

எல்லாருக்கும் கொயினா கொடுத்துச் சமாளிக்கலாம் என்பது ஒரு வழி. வாட்சன் கொசு பிறக்கும் இடத்தைப் பார்த்தார். ஊரை ஒட்டிய காட்டை வெட்டி, சதுப்பு நீரைக் கால்வாய் வெட்டி வடித்துவிடச் சொன்னார். துறைமுகத்தில் கடல் நீர் உள்ளே வராமல் கரை கட்டச் சொன்னார். அரசு பணம் கொடுத்தது. பலன் கணக்கில் தெரிந்தது. 1901-இல் கிள்ளானிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் சேர்த்து 582 பேர் இறந்திருந்தார்கள். 1902-இல் 144. அடுத்த ஆண்டு 115. கால்வாய் வெட்டப்படாத சுற்றுவட்டாரத்தில் சாவு இப்படி இறங்கவில்லை. கொசுவின் தண்ணீரை எடுத்துவிட்டால் மலேரியா போகும் என்பதற்கு உலகத்துக்குக் கிடைத்த முதல் பெரிய சான்றுகளில் இதுவும் ஒன்று. ராஸே பின்னாளில் வாட்சனின் நூலுக்கு முன்னுரை எழுதினார்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் நமக்கு அவ்வளவு சம்பந்தம் இல்லை. அடுத்து வந்தது ரப்பர்.

நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய நம்மவர்கள் பினாங்கில் இறங்கி, ஆயிரக்கணக்கில் காடு வெட்டப் போனார்கள். 1911-இல் ஐக்கிய மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் ஏறக்குறைய 1,43,600 தொழிலாளர்கள் இருந்தார்கள். அந்த ஒரே ஆண்டில் அவர்களில் சுமார் 9,000 பேர் இறந்தார்கள். ஆயிரத்துக்கு 62 பேருக்கு மேல். பெரும்பாலும் இளவயதுக்காரர்கள். வயிற்றுப்போக்கும் சத்துக் குறைவும் ஒரு பக்கம் இருந்தாலும், பல தோட்டங்களில் முதல் எமன் மலேரியாதான். இந்த ஒன்பதாயிரம் பேரில் எத்தனை பேருடைய பெயர் இன்று ஏதாவது ஒரு குடும்பத்துக்கு நினைவிருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

1908 வாக்கில் வாட்சன் அரசு வேலையை விட்டுவிட்டுத் தோட்டங்களுக்கே டாக்டர் ஆனார். சம்பளம் கொடுத்தவர்கள் தோட்ட முதலாளிகள். இதை மறைக்க வேண்டியதில்லை. காய்ச்சலில் கிடக்கும் ஆள் பால் வெட்ட மாட்டான், செத்துப்போனால் இன்னொருவனைக் கப்பலில் கொண்டுவர வேண்டும் என்ற கணக்கும் இதில் இருந்தது. ஆனால் கணக்குக்காகச் செய்த வேலையும் உயிரைக் காப்பாற்றியது.

அவர் தோட்டம் தோட்டமாகப் போனார். லயத்தில் ரத்தப் பரிசோதனை செய்ய வசதி இல்லாத காலம். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி இடது விலாவுக்குக் கீழே விரலால் தொட்டுப் பார்ப்பார். மலேரியா திரும்பத் திரும்ப வந்த குழந்தைக்கு மண்ணீரல் வீங்கிக் கையில் தட்டுப்படும். நம் ஊர்ப் பெரியவர்கள் காய்ச்சல் கட்டி என்று சொல்வது அதைத்தான். நூறு பிள்ளைகளில் எத்தனை பேருக்குக் கட்டி இருக்கிறது என்று எண்ணினால் அந்த லயத்தில் மலேரியா எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

இப்படி எண்ணியபோதுதான் அவருக்கு ஒரு குழப்பம் வந்தது.

கடலோரச் சமவெளித் தோட்டங்களில் காடு வெட்டிக் கால்வாய் போட்டதும் பிள்ளைகளின் கட்டி குறைந்தது, கிள்ளான் நகரில் நடந்தது போலவே. ஆனால் உள்ளே தள்ளி, குன்றும் பள்ளமுமான தோட்டங்களில் அதே வேலையைச் செய்தும் காய்ச்சல் குறையவில்லை. அங்கே சதுப்பே இல்லை. தேங்கிய சாக்கடை இல்லை. பள்ளத்தில் பளிங்கு போல் ஓடை ஓடுகிறது. பார்த்தால் யாருக்கும் சந்தேகமே வராத தண்ணீர்.

அந்தப் பளிங்குத் தண்ணீர்தான் எதிரி. கொசு என்றால் ஒரே கொசு இல்லை. சமவெளியில் மலேரியா பரப்பியது காட்டு நிழலில் தேங்கிய நீரை விரும்பும் அனோபிலஸ் அம்ப்ரோசஸ். அதன் லத்தீன் பெயரிலேயே நிழல் இருக்கிறது. மரத்தை வெட்டி வெயில் பட்டால், தண்ணீர் வடிந்தால், அதற்கு வாழ இடம் இல்லை. குன்றுப் பகுதியில் இருந்ததோ அனோபிலஸ் மெக்குலேட்டஸ். அது நேர் எதிர். வெயில் படுகிற, சுத்தமான, மெல்ல ஓடுகிற தண்ணீரில், ஓரத்துப் புல்லுக்கு நடுவே முட்டையிடும். காடு இருந்தவரை ஓடை இருட்டாக இருந்தது, இந்தக் கொசுவுக்கு வேலை இல்லை. ரப்பர் நட நம் ஆட்கள் மரங்களைச் சாய்த்தார்கள். ஓடைமேல் வெயில் விழுந்தது. அந்த ஓடைக்கு எட்டிய தூரத்திலேயே லயத்தையும் கட்டினார்கள். கிள்ளானைக் காப்பாற்றிய அதே வெட்டு, குன்றுத் தோட்டத்தில் கொசுவுக்குப் பாய் விரித்துக் கொடுத்துவிட்டது.

தன் வெற்றிக்கு உதவிய முறையே வேறோர் இடத்தில் கேடு செய்கிறது என்று கண்டதும் வாட்சன் அதை ஒளிக்கவில்லை, எழுதி வைத்தார். எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது இந்த இடத்தில்தான். எந்தக் கொசு என்று தெரியாமல் எந்தத் தண்ணீரிலும் கை வைக்கக்கூடாது என்ற இந்தப் பாடத்தைத்தான் பக்கத்து டச்சு இந்தியாவிலிருந்து வந்து பார்த்த விஞ்ஞானிகளும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

மெக்குலேட்டஸை என்ன செய்வது? ஓடையையே மண்ணுக்குள் புதைத்தார். பள்ளத்தாக்கின் அடியில் குழாய்களைப் பதித்து, மேலே மண் மூடி, தண்ணீரைப் பூமிக்கடியிலேயே ஓடவிட்டார். தண்ணீர் இருக்கிறது, கொசுவின் கண்ணுக்குத் தெரியாது. செலவு அதிகம் என்பதால் எல்லாத் தோட்டங்களும் முன்வரவில்லை. குழாய் போட முடியாத இடத்தில்தான் எண்ணெய் வந்தது. கொசுப்புழு நீரின் மேல்மட்டத்துக்கு வந்துதான் மூச்சு விடும். எண்ணெய்ப் படலம் மூடிவிட்டால் மூச்சு முட்டிச் சாகும். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் ஆகும் என்பதால் வாரம் ஒரு முறை அடிக்க வேண்டும். பாட்டி பார்த்த மனிதர் வாரா வாரம் வந்த காரணம் இதுதான்.

கொசு ஏன் ஒருவரை விட்டு ஒருவரைத் தேடிப் போகிறது என்பதெல்லாம் பிறகு விளங்கியது. நாம் விடும் மூச்சிலுள்ள கரியமில வாயுவைத் தூரத்திலேயே முகர்ந்துகொள்ளும். பக்கத்தில் வந்தால் வியர்வை வாடையும் உடல் சூடும் வழி காட்டும். கர்ப்பிணிகளைக் கூடுதலாகக் கடிப்பதாக ஆப்பிரிக்காவில் செய்த ஆய்வு சொல்கிறது. கடிப்பது பெண் கொசு மட்டுமே, முட்டைக்கு ரத்தம் வேண்டும். ஒரே லயத்து அறையில் ஏழெட்டுப் பேர் வேலை முடிந்த வியர்வையோடு படுத்துத் தூங்கினால், இரவில் கடிக்கும் அனோபிலஸுக்கு அதைவிட நல்ல விருந்து எது? இனிப்பு ரத்தம் உள்ளவரைத்தான் கொசு கடிக்கும் என்று இன்றும் நம் வீடுகளில் சொல்வோம். ரத்தத்தின் ருசி அதற்கு வெளியிலிருந்து தெரியாது. தோலின் வாடைதான் தெரியும்.

வாட்சனுக்கு 1924-இல் சர் பட்டம் கிடைத்தது. 1928-இல் மலாயாவை விட்டுப் போனார். லண்டனில் ராஸின் பெயரில் இருந்த ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்து, பிறகு அதன் இயக்குநரானார். இன்றைய ஸாம்பியாவின் செப்புச் சுரங்கங்களில் தொழிலாளர்கள் மலேரியாவில் மடிந்தபோது, கிள்ளான் தோட்டங்களில் கற்றதை அங்கே கொண்டுபோனார். 1955-இல் இறந்தார். மலாயாவுக்குச் சுதந்திரம் வர இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன.

குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டியவர்கள், எண்ணெய்த் தகரம் சுமந்தவர்கள், விலாவைக் காட்டிக்கொண்டு வரிசையில் நின்ற பிள்ளைகள் ஆகியோரின் பெயர்கள் வாட்சனின் பெயரைப் போல் புத்தகங்களில் ஏறவில்லை.

பாட்டி இப்போது கிள்ளானில் ஒரு தாமான் வீட்டில் இருக்கிறார். போன மாதம் சுகாதாரத் துறை ஆட்கள் வந்து பின்பக்கத்தைப் பார்த்தார்கள். அங்கே ஓடையும் இல்லை, சதுப்பும் இல்லை. பூச்சாடிக்குக் கீழே வைத்த தட்டில் இரண்டு விரற்கடைத் தண்ணீரும், அதில் ஏடிஸ் புழுக்களும் இருந்தன. டிங்கி பரப்பும் ஏடிஸ் பகலில் கடிக்கும். வீட்டை ஒட்டியே பிறக்கும். பழைய டயர், அடைபட்ட கூரைத் தகரக் கால்வாய், தேங்காய்ச் சிரட்டை, பூச்சாடித் தட்டு என்று கொஞ்சம் தேங்கிய தண்ணீர் இருந்தாலே அதற்குப் போதும். தோட்டத்தில் ஓடைக்கு எண்ணெய் அடித்துவிட்டுப் போன மனிதரைப் பற்றி அன்று பாட்டி அவர்களிடம் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாராம். தட்டைக் கவிழ்த்துவிட்டுப் போனார்கள்.