டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்

ஏ.டி.பி. என்னும் மூன்றெழுத்தை உயிரியல் பாடத்தில் மனப்பாடம் செய்யாத மேல்வகுப்பு மாணவி நம் பள்ளியில் இருக்க முடியாது. ஆனால் அப்பொருளைக் கண்டறிந்தவர்களுள் ஒருவர் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர் என்பதும், மெட்ரிகுலேஷன் தேர்வில் இரு முறை தோற்றவர் என்பதும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவரே டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

1895ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 12ஆம் நாள், இன்றைய ஆந்திர மாநிலத்தின் பீமவரத்தில் அவர் பிறந்தார். வறுமை நிறைந்த பெரிய குடும்பம். பதின்மூன்று வயதில் காசிக்குப் போய் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பொருளீட்டலாம் என்று வீட்டைவிட்டுக் கிளம்பிய பிள்ளையைத் தாயார் வெங்கம்மா தேடிப் பிடித்து மீண்டும் பள்ளிக்கு அனுப்பினார். தம் நகைகளை விற்றுச் சென்னைக்கும் அனுப்பினார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் மூன்றாம் முறையாகத் தேர்வெழுதிச் சுப்பாராவ் வென்றார். பிறகு மாநிலக் கல்லூரி, அடுத்து மருத்துவக் கல்லூரி. இதற்கிடையே உடன்பிறந்தோரை ஸ்புரூ என்னும் கொடிய குடல் நோய்க்குப் பறிகொடுத்தார். அத்துயரம் அவரை விட்டு நீங்கவே இல்லை.

காந்தியடிகளின் அழைப்பை ஏற்று, அவர் கதர் மேலங்கி அணிந்து அறுவைக் கூடத்திற்குள் நுழைந்தார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. மற்றப் பாடங்களில் நன்றாக எழுதியும் எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. அரசு மருத்துவப் பணியும் கைகூடவில்லை. சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் உடற்கூற்றியல் கற்பித்துச் சில காலம் கழித்தார். பின்னர் மனைவி சேஷகிரியைப் பிரிந்து, மாமனார் முதலியோரின் உதவியுடன் 1920களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் சென்றார். பகலெல்லாம் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் படிப்பு. இரவில் மருத்துவமனையில் கடைநிலை ஊழியம். மருத்துவம் படித்தவர் நோயாளிகளின் மலப்பாத்திரம் சுமந்தார்.

அங்கே சைரஸ் ஃபிஸ்க் என்ற பேராசிரியரிடம் ஆய்வுக்குச் சேர்ந்தார். இரத்தத்திலும் தசையிலும் பாஸ்பரஸ் எவ்வளவு உள்ளது என்று அளப்பதற்கு இருவரும் சேர்ந்து எளிய முறையொன்றை 1925ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பாஸ்பேட் இருந்தால் கரைசல் நீல நிறம் கொள்ளும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ பாஸ்பேட்டும் அவ்வளவு. ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை என்று உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் அது வழங்கலாயிற்று.

இந்நீலமே அவருக்கு வழிகாட்டியது. தசைச் சாற்றைச் சோதித்தபோது நிறம் உடனே முழுமையாக வரவில்லை. மெல்ல மெல்லவே கூடிற்று. வேறொருவர் இதைப் பிழையென்று தள்ளியிருக்கக்கூடும். சாற்றில் எளிதில் சிதையும் பாஸ்பேட் சேர்மம் ஒன்று ஒளிந்திருக்கிறது, அது சிதையச் சிதைய நிறம் ஏறுகிறது என்று இவர்கள் கண்டனர். அதுவே பாஸ்போகிரியாட்டின், ஆண்டு 1927. தசை சுருங்குவதற்கு லாக்டிக் அமிலமே காரணம் என்று அந்நாளில் நம்பினர். 1922ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசும் அத்துறை ஆய்வுக்கே வழங்கப்பட்டிருந்தது. அந்நம்பிக்கை ஆட்டம் கண்டது. 1929இல் மூன்று பாஸ்பேட் கோத்த அடினோசின் டிரைபாஸ்பேட்டை, அதாவது ஏ.டி.பி.யை, அவர்கள் பிரித்தெடுத்தனர். அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் தனியே கண்டார். முந்தியவர் யார் என்ற வழக்கில் நமக்கு நாட்டமில்லை.

விளையாட்டு விழாவில் 100 மீட்டர் ஓடும் மாணவியை நினைத்துக்கொள்வோம். தசையில் சேமித்துள்ள ஏ.டி.பி. இரண்டு மூன்று வினாடிகளில் தீரும். பாஸ்போகிரியாட்டின் தன் பாஸ்பேட்டைக் கொடுத்து மேலும் சில வினாடிகள் தாங்கும். ஆனால் நம் கடற்கரையில் கரைவலை இழுப்போர் மணிக்கணக்கில் கயிற்றைப் பிடிக்கிறார்களே, அவர்களுக்கு எங்கிருந்து வருகிறது? உடலில் எந்நேரமும் இருக்கும் ஏ.டி.பி. கால் கிலோவுக்கும் குறைவுதான். ஒரு நாளில் செலவாவதோ ஏறக்குறைய நம் உடல் எடை அளவு. ஆகவே அது இடையறாது புதுப்பிக்கப்பட வேண்டும். அந்த வேலை நடக்கும் இடத்தைச் சுப்பாராவ் காலத்தில் தெளிவாக அறிந்திருக்கவில்லை. செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வே அவ்விடம்.

மைட்டோகாண்ட்ரியாவுக்கு இரண்டு சவ்வுகள். வெளிச்சவ்வில் துளைகள் உண்டு. சிறு மூலக்கூறுகள் தாராளமாக வந்துபோகும். உட்சவ்வு அப்படியன்று, கண்டிப்பான காவல்காரி. அது உள்நோக்கிப் பல மடிப்புகளாக மடிந்துள்ளது. ஆறு கெஜப் புடவை கொசுவத்தில் அடங்குவதுபோல், பெரிய பரப்பு சிறிய இடத்தில் அடங்குகிறது. ஓயாமல் துடிக்கும் இதயத்தின் தசையில் இம்மடிப்புகள் மிக நெருக்கமாக உள்ளன. 1950களில் எலெக்ட்ரான் நுண்ணோக்கியின் துணையால் ஜார்ஜ் பாலடே இவற்றைக் கண்டு, கிரிஸ்டே என்று பெயரிட்டார்.

சவ்வின் வேலையை விளக்க நம் இராமநாதபுரத்துக் கண்மாயைவிடச் சிறந்த உவமை இல்லை. உணவிலிருந்து கிடைக்கும் எலெக்ட்ரான்கள் உட்சவ்வில் பதிந்துள்ள புரதங்களின் வழியே கைமாறிக் கைமாறி இறுதியில் ஆக்சிஜனைச் சேருகின்றன. நாம் மூச்சு வாங்குவதே இதற்காகத்தான். இவ்வாறு கைமாறும்போது வெளிப்படும் ஆற்றலைக்கொண்டு அப்புரதங்கள் புரோட்டான்களைச் சவ்வின் உட்புறத்திலிருந்து வெளிப்புறத்திற்கு இறைக்கின்றன. இறைத்த நீர் கண்மாயில் உயர்ந்து நிற்பதுபோல் அவை அங்கே தேங்கி நிற்கும். சவ்வு என்னும் கரை கசியாது. திரும்பி வர முக்கியமான மடை ஒன்றே, ஏ.டி.பி. சின்தேஸ் என்னும் நொதி. அதன் வழியே புரோட்டான்கள் பாயும்போது அந்நொதியின் ஒரு பகுதி சக்கரம்போலவே சுழல்கிறது! ஒரு சுற்றுக்கு மூன்று ஏ.டி.பி. உருவாகின்றன.

கரை உடைந்தால் என்னாகும்? ஆற்றலெல்லாம் வெறும் வெப்பமாகிவிடும். 1930களில் உடல் மெலிவதற்கென்று அமெரிக்காவில் விற்ற டைநைட்ரோபீனால் மாத்திரை இக்கரையைத்தான் உடைத்தது. உடல் கொதித்துச் சிலர் மாண்டனர். பச்சிளங் குழந்தையின் பழுப்புக் கொழுப்பிலோ, உடலைக் கதகதப்பாக வைக்க இயற்கையே அளவான கசிவை ஏற்படுத்தியுள்ளது.

இக்கருத்தை 1961இல் கூறியவர் பீட்டர் மிட்செல் என்ற ஆங்கிலேயர். பலர் நம்ப மறுத்தனர். 1978இல் நோபல் பரிசு வந்தது. சுழலும் நொதியை விளக்கியதற்காகப் பால் பாயருக்கும் ஜான் வாக்கருக்கும் 1997இல் அப்பரிசில் பங்கு கிடைத்தது. சுப்பாராவுக்கு அப்பரிசு வழங்கப்படவில்லை.

ஹார்வர்டில் நிலையான பதவி கிட்டாமையால் 1940இல் அவர் லெடர்லி என்னும் மருந்து நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்திற்குச் சென்றார். அங்கு அவர் குழுவினர் ஆக்கியவற்றுள் முதன்மையானது ஃபோலிக் அமிலம். தம் உடன்பிறந்தோரைக் கொன்ற ஸ்புரூ நோயில் வரும் இரத்தச்சோகைக்கு அதுவே மருந்து என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது. பள்ளிகளில் வாரந்தோறும் மாணவியருக்குத் தரும் நீல மாத்திரையில் இரும்புச் சத்தோடு அதுவும் இருக்கிறது. கசக்கிறதென்று ஜன்னல் வழியே எறிவோர் கவனிப்பார்களாக. யானைக்கால் நோய்க்குத் தரும் டை எதில் கார்பமசின் மாத்திரையும் அக்கூடத்தில் பிறந்ததே. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயைத் தற்காலிகமாகவேனும் தணிக்க முடியும் என்று டாக்டர் சிட்னி ஃபார்பர் 1948இல் காட்டியது, சுப்பாராவ் குழுவினர் அனுப்பிய அமினோப்டெரின் என்னும் மருந்தைக் கொண்டுதான்.

அதே ஆண்டு ஆகஸ்ட்டுத் திங்களில், 53 வயதில் அவர் மாரடைப்பால் காலமானார். மைட்டோகாண்ட்ரியாவே உணவை எரிக்கும் இடம் என்பதை யூஜின் கென்னடி, ஆல்பர்ட் லெனிஞ்சர் என்போர் சிகாகோவில் உறுதிசெய்துகொண்டிருந்த காலம் அது. பாஸ்டன் சென்றபின் சுப்பாராவ் தாய்நாட்டுக்குத் திரும்பவே இல்லை. சேஷகிரி அம்மையார் கணவரை மீண்டும் காணவும் இல்லை. 1995ஆம் ஆண்டில், அவர் பிறந்து நூறாண்டு நிறைந்தபோது, இந்திய அரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது.