சுப்பாராவ்: சைட்டேஷன் கணக்கில் முழுசா அடங்காத விஞ்ஞானி

கள்ளக்குறிச்சி மாவட்டம் எலவனாசூர்கோட்டையில் ஒரு பெண் கர்ப்பமாக இருப்பது தெரிந்ததும், கிராம சுகாதார செவிலியர் தவறாமல் கொடுப்பது ஃபோலிக் அமிலம் சேர்ந்த மாத்திரை. கல்வராயன் மலை கிராமங்களிலும் இதேதான். ரத்தசோகையைக் குறைக்கவும், குழந்தைக்கு முதுகுத்தண்டுக் குறைபாடு வராமல் தடுக்கவும் இது உதவுகிறது. இந்த ஃபோலிக் அமிலத்தை முதன்முதலில் ஆய்வகத்தில் தயாரித்த குழுவின் தலைவர், சென்னையில் மருத்துவம் படித்தவர். பெயர் யெல்லப்பிரகட சுப்பாராவ்.

ஒரு விஞ்ஞானி எவ்வளவு பெரியவர் என்று கேட்டால், இன்று பலரும் முதலில் பார்ப்பது சைட்டேஷன் எண்ணிக்கையை. அதாவது, அவருடைய கட்டுரையை மற்ற ஆய்வாளர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்ற கணக்கு. அந்தக் கணக்கு சுப்பாராவைப் பற்றி என்ன சொல்லுது, எதை விட்டுவிடுது?

யார் இவர்?

1895 ஜனவரி 12-ல், அன்றைய சென்னை மாகாணத்தின் பீமாவரத்தில் பிறந்தார். மெட்ரிகுலேஷனில் பாஸாக மூன்று முறை எழுத வேண்டியிருந்தது. பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதர் அணிந்ததால் அறுவை சிகிச்சைப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானார். எம்பிபிஎஸ் கிடைக்கவில்லை. அதைவிடக் கீழான எல்எம்எஸ் சான்றிதழ்தான் கிடைத்தது.

இதற்கிடையே ஸ்ப்ரூ என்ற குடல் நோய்க்கு அண்ணன் தம்பி இருவரைப் பறிகொடுத்தார். சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் சில காலம் பாடம் நடத்திவிட்டு, மாமனார் உதவியோடு 1922-ல் அமெரிக்காவின் பாஸ்டனுக்குப் போனார். செலவுக்காக மருத்துவமனையில் இரவுநேர ஊழியராக வேலை பார்த்துக்கொண்டே ஹார்வர்டில் படித்தார்.

நூற்றாண்டு தாண்டிய கட்டுரை

ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க் என்பவருடன் சேர்ந்து, ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் முறையைக் கண்டுபிடித்தார். மாலிப்டேட் சேர்த்து வேதிவினை நடத்தினால் நீல நிறம் வரும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ, பாஸ்பரஸ் அவ்வளவு அதிகம். 1925-ல் வெளியான இந்தக் கட்டுரை, உயிர்வேதியியலில் மிக அதிகம் மேற்கோள் காட்டப்பட்டவற்றில் ஒன்று. ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை என்றே அதற்குப் பெயர்.

காரணம் எளிது. புதிய கருத்தைச் சொல்லும் கட்டுரையை அந்தத் துறைக்காரர் மட்டும்தான் படிப்பார். அளக்கும் முறையைச் சொல்லும் கட்டுரையை, அதை வைத்து அளக்கிற ஒவ்வொருவரும் குறிப்பிட்டாக வேண்டும்.

பாடப்புத்தகம் ஆனால் மேற்கோள் நின்றுவிடும்

தசைகளுக்கு உடனடி சக்தி தரும் பாஸ்போகிரியாட்டினை இருவரும் 1927-ல் அறிவித்தார்கள். 1929-ல் ஏடிபி. அதே ஆண்டு ஜெர்மனியில் கார்ல் லோமனும் தனியாக இதைக் கண்டுபிடித்தார். உயிரணுக்களின் சக்தி நாணயம் என்று பிளஸ் ஒன் மாணவர்கூட இன்று ஏடிபியைப் பற்றி எழுதுகிறார். ஆனா 1929 கட்டுரையைப் பெரும்பாலோர் மேற்கோள் காட்டுவதில்லை. ஒரு கண்டுபிடிப்பு எல்லோருக்கும் தெரிந்த பொது அறிவாக மாறிவிட்டால், அதைச் சொன்னவரின் பெயர் அடிக்குறிப்பிலிருந்து காணாமல் போய்விடும். மிகப் பெரிய வெற்றிகளை எண்ணிக்கை குறைத்துக் காட்டுவது இப்படித்தான்.

பெயர் இல்லாத இடங்கள்

ஹார்வர்டில் நிரந்தரப் பதவி கிடைக்காததால், 1940-ல் லெடர்லி மருந்து நிறுவனத்தில் சேர்ந்து ஆராய்ச்சி இயக்குநரானார். 1945-ல் அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தைத் தயாரித்தது. சகோதரர்களைக் கொன்ற ஸ்ப்ரூவுக்கு அதுவே மருந்தானது. அந்த அமிலத்தின் அமைப்பை விளக்கிய 1946 கட்டுரையில் 16 பேர் பெயர்கள் இருந்தன. தலைவரான சுப்பாராவின் பெயர் பட்டியலின் நடுவில் இருந்தது. யானைக்கால் நோய்க்கான டிஇசி மருந்து பற்றிய 1947 கட்டுரையிலும் முதல் பெயர் வேறொருவருடையது.

அடுத்தது அமினோப்டெரின். ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கும் இந்த மருந்தையும் சுப்பாராவ் குழுதான் தயாரித்துக் கொடுத்தது. பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய் வந்த 16 குழந்தைகளுக்கு இதைக் கொடுத்தார். 10 பேருக்குத் தற்காலிகமாக நோய் தணிந்தது. 1948 ஜூனில் வெளியான அந்தக் கட்டுரை புற்றுநோய் வேதிச்சிகிச்சையின் தொடக்கப்புள்ளிகளில் ஒன்று. எழுதியவர் பட்டியலில் சுப்பாராவ் இல்லை. இதன் நெருங்கிய உறவான மெத்தோட்ரெக்ஸேட் இன்றும் புற்றுநோய்க்கும் முடக்குவாதத்துக்கும் தரப்படுகிறது.

அப்போ எண்ணிக்கையே வேண்டாமா?

வேண்டும். 1925 கட்டுரை எவ்வளவு பயன்பட்டது என்பதைச் சைட்டேஷன் சரியாகவே காட்டுகிறது. ஆனால் அது எண்ணுவது, கட்டுரையின் மேல் அச்சான பெயர்களை மட்டுமே. ஒரு குழுவை உருவாக்கியவர், வழி சொன்னவர், மருந்தை அனுப்பி வைத்தவர் இவர்களுக்கு அதில் இடமில்லை. வேலைக்கும் நிதிக்கும் எச்-இண்டெக்ஸைப் பார்த்து முடிவெடுக்கும் இந்தக் காலத்தில் இதை நினைவில் வைப்பது நல்லது.

சுப்பாராவ் 1948 ஆகஸ்டில் 53 வயதில் இறந்தார். 1922-ல் விட்டுப்போன மனைவியை அவர் மறுபடி பார்க்கவே இல்லை. 1995-ல், அவருடைய நூற்றாண்டில், இந்திய அரசு தபால்தலை வெளியிட்டது. எலவனாசூர்கோட்டையில் தினமும் அந்த மாத்திரையை விழுங்கும் கர்ப்பிணிகள் எந்தச் சைட்டேஷன் பட்டியலிலும் வரமாட்டார்கள்.