காய்மகாரம் தீண்டாத அடிகளார்

சிறு வயதில் ஞானோபதேச வகுப்பில் தலையான பாவங்கள் ஏழையும் மனப்பாடமாய் ஒப்புவித்தீர்களே, அவற்றில் காய்மகாரமும் ஒன்று. சொல் பழையதுதான், நோய் பழையதல்ல. வீட்டுத்திட்டப் பட்டியலில் பக்கத்து வளவுக்காரரின் பெயர் வந்து நமது பெயர் வராத நாளில் அது வன்னியில் எத்தனை வீடுகளில் எட்டிப் பார்த்தது! பாவசங்கீர்த்தனத்துக்குப் போகும்போது மட்டும் நமக்கு அது ஞாபகம் வருவதில்லை.

யோசப் வாஸ் அடிகளாரை உங்களுக்குத் தெரியும். 1651ஆம் ஆண்டு கோவாவில் பெனாலிம் ஊரில் பிறந்து, 1676இல் குருவானவர். ஒல்லாந்தரின் கெடுபிடியால் குருக்களே இல்லாமல் தவித்த இலங்கைக்கு வர ஆசைப்பட்டார். மேலிடத்தார் அவரைக் கன்னட நாட்டுக்கு அனுப்பினார்கள். முகம் சுளிக்காமல் போய் அங்கே உழைத்தார். திரும்பி வந்து ஓர் குருக்கள் சபையில் சேர்ந்தபோது அவரையே தலைவராக்கினார்கள். அந்தப் பதவியையும் விட்டுவிட்டு, 1687இல் கூலியாள் வேடத்தில், யோவான் என்னும் பணியாளர் ஒருவரோடு இங்கே வந்து சேர்ந்தார்.

நமது முன்னோர் இருந்த நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். 1670இல் மாந்தையிலிருந்து தேவமாதாவின் சுரூபத்தைச் சுமந்துகொண்டு மடுக் காட்டுக்குள் ஓடியவர்கள் அவர்கள். பூசை காணாமலே வளர்ந்த பிள்ளைகள் எத்தனை பேரோ! அப்படிப்பட்ட மக்களிடம் வந்தவரை யாழ்ப்பாணத்தில் வயிற்றுக்கடுப்பு சாகக் கிடத்தியது. குணமானதும் சில்லாலையைத் தளமாகக் கொண்டு இரவோடிரவாகத் திரிந்தார். பின்பு புத்தளம், அதன்பின் கண்டி. 1692இல் அங்கே போனவரை ஒற்றன் என்று சிறை வைத்தார்கள். ஏறக்குறையப் பத்து ஆண்டுகள் இந்தத் தீவில் தனியொரு குருவாக உழைத்தார்.

வாசகரே, நான் சொல்ல வந்தது இனித்தான். தனியே உழுது விதைத்த வயலில் புதிதாக ஒருவர் வந்து இறங்கினால் நமக்கு எப்படி இருக்கும்? 1705இல் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் வந்தார். வாஸ் அடிகளாரிலும் இருபத்தைந்து வயது இளையவர். எழுத்தில் அபாரத் திறமைசாலி. சிங்களத்திலும் தமிழிலும் அவர் எழுதிய நூல்களை மக்கள் தலைமுறை தலைமுறையாகப் படித்தார்கள். பதினெட்டு வருடக் கஷ்டம் என்னுடையது, பெயர் இவனுக்கா என்று முதியவர் முணுமுணுக்கவில்லை. இளையவரைச் சிங்களம் கற்கத் தூண்டி, வேலையைக் கொடுத்து, வழிவிட்டார். அந்தக் காலத்திலேதான் பாப்பரசரின் தூதுவர் தூர்னோன் ஆண்டகை அவரை ஆயராக்க விரும்பினார். அதையும் வேண்டாம் என்றார்.

இவர் பிறவியிலேயே ஆசையற்றவர் என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இலங்கைக்கு வர எவ்வளவு ஆசைப்பட்டார்! தாம் தேடியது கிடைத்துவிட்டதால்தான் அடுத்தவரின் பங்கை அளந்து பார்க்க அவருக்கு நேரம் இருக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

1711ஆம் ஆண்டு தை 16ஆம் திகதி கண்டியில் உயிர் நீத்தார். கொன்சால்வெஸ் அடிகளார் அதன்பின்னும் முப்பத்தொரு வருடம் உழைத்தார். 2015ஆம் ஆண்டு தை 14ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் காலையில் கொழும்பில் வாஸ் அடிகளாரைப் புனிதராக உயர்த்திவிட்டு, அன்று மாலையே மடு அன்னையிடம் வந்தார். உங்களில் எத்தனையோ பேர் அந்தக் கூட்டத்தில் நின்றிருப்பீர்கள்.

கொன்சால்வெஸ் அடிகளாரின் கல்லறையைப் போலவத்தையில் இன்றும் பார்க்கலாம். வாஸ் அடிகளாரை அடக்கம் செய்த இடம் எது என்று காட்ட எவருமில்லை.