படம் போட்டதற்குச் சிறை!

பாரிஸ் நகரில் ஒரு படக்கடை. கடையின் ஜன்னலில் ஒரு படம் மாட்டியிருந்தது. அதைப் பார்க்கக் கூட்டம் கூடியது.

அந்தக் கடை கேலிப் படங்களுக்குப் பேர் போன கடை. ஆனால் இந்தப் படத்தில் கேலி இல்லை. சிரிப்பும் இல்லை. நடந்த ஒரு கொடுமையை அப்படியே காட்டியது அந்தப் படம்.

அரசாங்கம் சும்மா இருக்குமா? கைக்குக் கிடைத்த பிரதிகளைப் போலீசார் பறிமுதல் செய்தார்கள். படத்தை அச்சடித்த கல்லையும் எடுத்துச் சென்றார்கள்.

இது நடந்தது 1834-ம் ஆண்டில். படத்தை வரைந்தவர் ஓனோரே டோமியே. அப்போது அவருக்கு வயது 26.

கவிஞர் மகன்

டோமியே 1808-ம் ஆண்டு பிப்ரவரி 26-ந் தேதி பிறந்தார். ஊர், பிரான்சு நாட்டின் துறைமுக நகரமான மார்செய்.

தந்தை ஜன்னலுக்குக் கண்ணாடி பொருத்தும் தொழிலாளி. ஆனால் அவருக்குக் கவிதை மீது தீராத மோகம். பெரிய கவிஞர் ஆகவேண்டும் என்ற ஆசையில் பாரிசுக்குப் போனார். பின்னாலேயே குடும்பமும் போயிற்று.

கவிதை சோறு போடவில்லை. அதனால் சிறு வயதிலேயே டோமியே வேலைக்குப் போகவேண்டி வந்தது. முதலில் கோர்ட் அமீனா ஒருவரிடம் எடுபிடி வேலை. பிறகு புத்தகக் கடையில் வேலை.

கோர்ட்டில் வக்கீல்களையும் வழக்குக்காரர்களையும் பார்த்தான் சிறுவன். கடையில் வருவோர் போவோரைப் பார்த்தான். பார்த்த முகம் எதுவும் அவனுக்கு மறக்காது. ஓய்ந்த நேரமெல்லாம் படம் வரைந்தான். கடைசியில் பெற்றோரும் விட்டுக்கொடுத்தார்கள். டோமியே ஓவியம் கற்றுக்கொண்டார். கல்லச்சுத் தொழிலையும் கற்றுக்கொண்டார்.

கல்லில் அச்சா?

ஆம். அந்தக் காலத்தில் அது புதுத் தொழில். வழவழப்பான சுண்ணாம்புக் கல்லின் மேல் கொழுப்புப் பசையுள்ள கரிக்கோலால் படம் வரைவார்கள். பிறகு கல்லைத் தண்ணீரால் நனைப்பார்கள். கோடு உள்ள இடத்தில் தண்ணீர் ஒட்டாது. அதன்மேல் எண்ணெய் மையை உருட்டினால், கோட்டில் மட்டும் மை பிடிக்கும். ஈரமான இடத்தில் பிடிக்காது. மேலே காகிதத்தை வைத்து அழுத்தினால் படம் தயார்!

மரத்தில் செதுக்கவேண்டாம். செம்பில் கீறவேண்டாம். இன்று வரைந்த படம் சில நாளில் ஆயிரக்கணக்கான பேர் கைக்குப் போய்விடும்.

ஓவியர் கூட்டம்

1830 ஜூலையில் பாரிசில் புரட்சி வெடித்தது. பழைய மன்னர் நாட்டை விட்டு ஓடினார். லூயி பிலிப் என்பவர் மன்னர் ஆனார். பத்திரிகைகளுக்குச் சுதந்திரம் உண்டு என்று அறிவிப்பு வந்தது.

அதே ஆண்டு நவம்பரில் ஷார்ல் பிலிப்போன் என்ற ஓவியர் ஒரு வாரப் பத்திரிகை தொடங்கினார். அதன் பெயரே 'லா காரிகாதூர்'. கேலிச்சித்திரம் என்று அர்த்தம். பிலிப்போனின் மைத்துனர் ஓபேர் படக்கடை நடத்தினார். முதலில் சொன்னோமே, அதே கடைதான்!

கிராண்வில், திராவியே போன்ற இளம் ஓவியர்கள் பிலிப்போனைச் சுற்றிச் சேர்ந்தார்கள். டோமியேயும் சேர்ந்தார். ஒருவர் யோசனை சொல்வார். ஒருவர் படம் போடுவார். படத்தின் அடியில் வரும் வாசகத்தை வேறொருவர் எழுதுவார்.

மன்னர் கொடுத்த சுதந்திரம் நீடிக்கவில்லை. 1831 நவம்பரில் பிலிப்போன் கோர்ட்டில் நின்றார். மன்னரைக் கேலி செய்தார் என்பது குற்றம். அவர் அங்கேயே நான்கு படங்களை வரைந்து காட்டினார். முதல் படம் மன்னரின் முகம். இரண்டாவதில் முகம் கொஞ்சம் மாறியது. மூன்றாவதில் இன்னும் மாறியது. நான்காவதில் வெறும் பேரிக்காய்! மன்னர் முகம் பேரிக்காய் போல இருந்தால் அது தம் குற்றமா என்பது அவர் வாதம்.

தண்டனை கிடைத்தது. ஆனால் பாரிஸ் சுவரெல்லாம் பேரிக்காய்ப் படம் முளைத்தது. பிரெஞ்சுக்காரர் பேச்சில் பேரிக்காய் என்றால் ஏமாளி என்றும் பொருள் உண்டு!

ஆறு மாதச் சிறை

அடுத்த மாதம் டோமியேயின் முறை. மன்னரைப் பெருந்தீனி தின்னும் பூதமாக வரைந்தார். ஏழைகள் கொடுக்கும் காசைக் கூடை கூடையாகச் சுமந்து, ஏணிப் பலகை வழியாக அவர் வாயில் கொட்டுகிறார்கள். உள்ளே போன பணம், வேண்டியவர்களுக்குப் பட்டமும் பதவியுமாகக் கீழே விழுகிறது.

ஆறு மாதச் சிறை. 500 பிராங்கு அபராதம். முதலில் தண்டனையை நிறுத்தி வைத்தார்கள். டோமியே மறுபடியும் அதே போலப் படம் போட்டார். 1832 ஆகஸ்டில் போலீசார் வந்து, பெற்றோர் கண் முன்னே அவரைக் கைது செய்தார்கள்.

விடுதலையானதும் அவர் நேரே போனது பழைய கூட்டத்துக்குத்தான். சட்டசபைப் பிரமுகர்களின் தலைகளைச் சிறு சிறு களிமண் பொம்மைகளாகச் செய்து வண்ணம் பூசினார். அவற்றைப் பார்த்துப் படம் போட்டார். அந்தப் பொம்மைகளில் 36 இன்றும் பாரிசின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

வாசகர் தந்த பணம்

வழக்கு மேல் வழக்கு. அபராதத்துக்கு மேல் அபராதம். பத்திரிகை எப்படிப் பிழைக்கும்?

பிலிப்போன் ஒரு வழி கண்டார். மாதச் சங்கம் ஒன்றை அமைத்தார். சந்தா கட்டுகிறவர்களுக்கு மாதம் ஒரு பெரிய படம் வரும். நல்ல தடித்த காகிதம், வீட்டில் மாட்டி வைக்கலாம். அந்தப் பணம் அபராதம் கட்ட உதவும். இப்படி மொத்தம் 24 படங்கள் வெளிவந்தன.

அந்த 24-வது படம்தான் கடை ஜன்னலில் கூட்டத்தைக் கூட்டியது.

1834 ஏப்ரலில் லியோன் நகரத்துப் பட்டு நெசவாளர் கிளர்ந்தெழுந்தார்கள். கலகம் பாரிசுக்கும் பரவியது. திரான்ஸ்நொனேன் தெருவில் ஒரு வீட்டிலிருந்து ராணுவ அதிகாரி மீது குண்டு பாய்ந்ததாகச் சொன்னார்கள். சிப்பாய்கள் 12-ம் எண் வீட்டுக்குள் புகுந்தார்கள். குடியிருந்தவர்களைக் கண்மூடித்தனமாகக் கொன்றார்கள்.

அப்போது புகைப்படம் வழக்கத்துக்கு வரவில்லை. உள்ளே என்ன நடந்தது என்பதை ஊருக்கு யார் காட்டுவது? டோமியே காட்டினார்.

படத்தில் சிப்பாய் இல்லை. கத்தி இல்லை. கலைந்த படுக்கை. அதன் அருகே இரவு உடையோடு செத்துக் கிடக்கும் ஒரு மனிதர். அவர் உடலுக்கு அடியில் ஒரு குழந்தை. ஒரு பக்கம் ஒரு கிழவர். இருட்டில் ஒரு பெண். அவ்வளவுதான். அடியில் கேலி வாசகம் கிடையாது. தெருவின் பெயரும் தேதியும் மட்டுமே.

எழுத்துத் தெரியாதவனுக்கும் அந்தப் படம் புரிந்தது!

படத்துக்குப் பூட்டு

1835-ல் புதுச் சட்டம் வந்தது. கட்டுரை எழுத முன் அனுமதி வேண்டாம். படம் வெளியிட மட்டும் முன் அனுமதி வேண்டும்! எழுத்தைவிடப் படத்துக்கு அரசாங்கம் அவ்வளவு பயந்தது. 'லா காரிகாதூர்' நின்றது.

பிலிப்போனின் இன்னொரு பத்திரிகை 'ஷாரிவாரி' நாள்தோறும் வந்துகொண்டிருந்தது. மன்னரை வரையக்கூடாது என்றால் என்ன? டோமியே ஊரை வரைந்தார். பித்தலாட்ட வியாபாரி, பொய்க்கண்ணீர் விடும் வக்கீல், வாடகைக்கு விரட்டும் வீட்டுக்காரர், மூன்றாம் வகுப்பு ரயிலில் களைத்து உட்கார்ந்திருக்கும் ஏழை. எல்லாம் அன்றாடம் கண்ட வாழ்க்கை.

1846-ல் தையல் வேலை செய்த ஒரு பெண்ணை மணந்தார். ஆயுளில் சுமார் 4000 கல்லச்சுப் படங்கள் வரைந்தார். ஆனால் கையில் காசு தங்கவில்லை. 1860-ல் 'ஷாரிவாரி' அவரை வேலையை விட்டு நீக்கியது. மூன்று ஆண்டு கழித்துத்தான் திரும்ப அழைத்தது.

1870-ல் அரசாங்கம் பெரிய விருது தர முன்வந்தது. டோமியே வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டார்.

பிறகு கண் பார்வை மங்கியது. 1872-க்குப் பின் அவர் கல்லில் வரையவில்லை. வால்மோந்துவா என்ற கிராமத்து வீட்டில் காலம் கழித்தார். அந்த வீட்டை ஓவிய நண்பர் கோரோ வாங்கிக் கொடுத்தார் என்று சொல்வார்கள்.

1878-ல் நண்பர்கள் அவருடைய வண்ண ஓவியங்களைப் பாரிசில் கண்காட்சியாக வைத்தார்கள். பெருங்கவிஞர் விக்டர் ஹூகோ கௌரவத் தலைவர். ஆனால் செலவுக்குக்கூட வசூல் ஆகவில்லை. மறு ஆண்டு பிப்ரவரியில் டோமியே காலமானார். அடுத்த ஆண்டு அவர் உடலைப் பாரிசுக்குக் கொண்டுவந்து, கோரோவின் சமாதிக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.

பெயர் எங்கே?

திரான்ஸ்நொனேன் தெருவைத் தேடி இன்று பாரிசுக்குப் போனால் கிடைக்காது. 1851-ல் அதைப் பக்கத்திலிருந்த போபூர் தெருவோடு சேர்த்துவிட்டார்கள். பெயர்ப் பலகையும் போயிற்று.

ஆனால் போலீசார் கைக்கு அகப்படாத பிரதிகள் தப்பின. இன்று அவை பல நாட்டு அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. படத்தின் அடியில் அந்தத் தெருவின் பெயர் அழியாமல் இருக்கிறது.